மூன்றாவது பட்டன்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் டி.வி.யைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணியோடு கிளம்பினார். திரையின் வலது பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே ஒட்டியிருக்கும் சிவப்பு அம்புக்குறியை நகத்தால் சுரண்டப் போனார். நான் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இதை வெச்சிருப்பே? நியூஸ் வாசிக்கிற புள்ளைக்கு மூக்குத்தி போட்டாப்புல இருக்குது" என்றார்.

இருக்கட்டும் என்றேன். அது நீங்கள் ஒட்டியது. பனியன் கம்பெனியில் பழுதான பீஸில் பழுது எங்கே என்று காட்ட நாம் ஒட்டுவோமே, அதே ஸ்டிக்கர். அது காட்டிய பழுதுக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. நம் தொடரின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது அக்கா. ஒரே நாளில் எட்டுப் பகுதியையும் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது பிடித்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

நம் பழக்கமே ஒரு விசாரணையில்தானே தொடங்கியது. நீங்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் காம்பவுண்டில் குடியேறி மூன்று வாரம் ஆகியிருக்கும். என் காதுத் தோட்டில் ஒன்றைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "காம்பவுண்டுல புதுசா யாருங்க வந்திருக்கறாங்க?" என்று கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, புதிதாக வந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

நீங்கள் பிழிந்துகொண்டிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்குள் வந்தீர்கள். "கடைசியா எங்க படுத்திருந்தம்மா?" என்று கேட்டீர்கள். கட்டிலைக் காட்டினேன். தலையணையை மடியில் வைத்து அதன் ஓரத் தையல் முழுக்க விரலை ஓட்டினீர்கள். செக்கிங் டேபிளில் கழுத்துப்பட்டியை விரலால் தடவிப் பார்ப்போமே, அதே ஓட்டம். ஒரு மூலையில் விரல் நின்றது. "இங்க தையல் விட்டிருக்கு பாரு" என்று பஞ்சுக்குள் கையை விட்டுத் தோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"தொலைஞ்சத தொலைஞ்ச எடத்துல தேடணும்மா. ஆளு மேல தேடக் கூடாது."

உங்கள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுநாள் கம்பெனியில் பார்த்தால் நீங்கள் என் எதிர் டேபிள். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை அக்கா. கேட்பதற்குள் சினேகிதம் ஆகிவிட்டோம்.

அதற்குப் பிறகு ஞாயிறு அரை ஷிப்ட் முடிந்தால் என் வீட்டு டி.வி. முன்னால் நாம் இரண்டு பேர், நடுவில் ஒரு தட்டு மிக்சர். மர்மத் தொடர் என்றால் எந்த மொழியாக இருந்தாலும் சரி. சரக்கு வாங்குகிற பையர் ஆட்கள் வரும் நாளில் சூப்பர்வைசர் நம்மைப் பார்ப்பது போல, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாம் தொடரைப் பார்ப்போம்.

பார்த்து என்ன, பாதி நேரம் திரையில் ஒன்றுமே தெரியாது. இப்போது வருகிற தொடர்களுக்கெல்லாம் வெளிச்சம் என்றால் என்ன பகையோ. கொலை நடந்த வீட்டுக்குள் போலீஸ் வரும், சுவரில் சுவிட்ச் இருக்கும், ஒருவரும் போட மாட்டார்கள். ஆளுக்கொரு டார்ச்சை வைத்துக்கொண்டு தடவுவார்கள். "டியூப்லைட்டப் போடுலே! இருட்டுல எவனாவது பீஸ் பாப்பானா?" என்று நீங்கள் திட்டுவீர்கள். மலையூர், மூடுபனி, கோயில் திருவிழாவில் ஒரு முகமூடி, மேலேயிருந்து எடுத்த காடு. கதை நான்கு பகுதிக்குத்தான் காணும், எட்டாக இழுத்திருப்பார்கள், துணி பத்தாமல் இழுத்துத் தைத்த சட்டை மாதிரி அக்குளில் பிடிக்கும். விசாரிக்க வருகிற அதிகாரிக்குக் கட்டாயம் ஒரு சோகம் இருக்க வேண்டும், தூக்கம் வரக் கூடாது, மாத்திரை போட வேண்டும். நாமும்தான் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறோம், எந்தப் பீஸையாவது நம் சோகத்தைச் சொல்லிப் பாஸ் பண்ணியிருக்கிறோமா?

உங்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. "செத்தவ யாரு, என்ன சாப்பிடுவா, யாரு கூடச் சிரிப்பான்னு ஒருத்தனும் கேக்க மாட்டுக்கான். கொன்னவனப் பத்தியே பேசுதானுவ" என்பீர்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் அது என் கண்ணிலும் பட்டது. பட்டதிலிருந்து எல்லாத் தொடரிலும் அதுவே தெரிகிறது.

அந்த மலையூர்த் தொடர் மட்டும் நம் இரண்டு பேரையும் கட்டிப் போட்டது. பள்ளிக்கூட விடுதியில் தங்கியிருக்கும் டீச்சர், நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாயங்காலம் வெளியே போகிறாள். மறுநாள் அணைத் தண்ணீரில் பிணமாகக் கிடைக்கிறாள். நான் தலைமை ஆசிரியர்தான் என்று முதல் பகுதியிலேயே பந்தயம் கட்டினேன். நீங்கள் ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினீர்கள்.

"ஏளா, அந்த மூணாவது பட்டனப் பாரு."

பார்த்தேன். பிணத்தின் ஸ்வெட்டரில் நான்கு பட்டன் நீல நூலில் இருந்தது. மூன்றாவது மட்டும் கறுப்பு நூல். திருப்பி ஓட்டிப் பார்த்தோம். அவள் உயிரோடு விடுதியை விட்டுக் கிளம்பும்போது ஐந்தும் நீலம். பர்ஸிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துத் திரையிலேயே ஒட்டினீர்கள்.

"இவ கெளம்புன பொறவு யாரோ பட்டன் தச்சிருக்கா. இழுபறியில அந்துருக்கு. பட்டன் இல்லாம கெடந்தா இழுபறி நடந்தது தெரிஞ்சிரும்னு வேற பட்டன் வச்சித் தச்சித் தண்ணியில போட்டிருக்கா. கறுப்பு நூல் யாருட்ட இருக்கோ அவதான்."

இரண்டாம் பகுதியில் விடுதி வார்டன் அம்மா, சிரித்த முகமாக, ஜன்னலோரம் உட்கார்ந்து போர்வைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பு நூல். எனக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு துப்பை வைத்தவனுக்கு மாலை போட வேண்டும் என்று நான் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள். கடைசிப் பகுதி வரைக்கும் கொன்றது யார் என்று சொல்லவில்லை. மீதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

அடுத்த பாகம் வருவதற்குள் உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தேன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"ஏளா, ரெண்டாம் பாகம் வந்துட்டா?"

வரவில்லை. எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். "வந்துருச்சுங்க்கா" என்றேன்.

"யாரு?"

"நீங்க சொன்ன ஆளேதானுங்க்கா. வார்டன் அம்மா."

"பட்டனா?"

"பட்டனேதானுங்க்கா. அத வெச்சுத்தான் புடிச்சாங்க."

கண்ணை மூடிச் சிரித்தீர்கள். பிறகு, எப்படி என்று முழுக்கச் சொல்லச் சொன்னீர்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் என் மணிக்கட்டைப் பிடித்து, தலைமாட்டில் இருந்த பர்ஸிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினீர்கள். "ஏளா, இந்த எடத்துல தையல் விட்டிருக்கு. வாசல்ல வாட்ச்மேன் சாவிய வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாம்லா? வார்டன் எப்படி வெளிய போனா?"

"செரியா பாக்கலீங்க்கா. மறுக்கா பாத்துப்போட்டு வந்து சொல்றேனுங்க்கா."

"பாத்துட்டு வா."

திருப்பூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் அதே யோசனை. அவிநாசி தாண்டும்போதுதான் பிடிபட்டது. மறுநாள் ஓடி வந்தேன். "மொத பாகத்துல மூணாம் பகுதில சமையக்காரம்மா சொல்லுச்சுங்களே, விறகு வர்ற பின்கதவுல தாழ்ப்பாள் நிக்கறதில்லைன்னு. அது வழியா போயிருக்கறாங்க." நீங்கள் யோசித்துப் பார்த்து, "ஆமா, சொன்னா" என்று என் மணிக்கட்டில் இருந்த ஸ்டிக்கரை உரித்தீர்கள். உடனே இன்னொன்றை ஒட்டினீர்கள். எதுக்குக் கொன்றாள், அது இல்லாமல் பீஸ் முடியுமா என்று கேட்டீர்கள்.

மூன்றாம் நாள் அதையும் கொண்டுவந்தேன். காய்ச்சலோடு கிடந்த ஒரு பிள்ளையை வார்டன் அறையில் வைத்துப் பூட்டியதையும் அந்தப் பிள்ளை செத்துப்போனதையும் டீச்சர் கண்டுபிடித்துவிட்டாள், வெளியே சொல்லத்தான் கிளம்பினாள் என்றேன். டீச்சர் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்குமென்று கடலை மிட்டாய் வாங்கி வைத்திருந்ததையும் சொன்னேன், உங்களுக்காக. நீங்கள் பர்ஸைத் தொடவில்லை. என் சேலை முந்தானையை எடுத்து மடியில் விரித்து, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி என் மடியில் வைத்தீர்கள். பாஸான பீஸை நாம் அப்படித்தான் வைப்போம்.

வெளியே வராந்தாவில் உங்கள் மகள் நின்றிருந்தாள். "என்ன சித்தி, அந்த நாடகக் கதையா? அடுத்த வருசந்தான் வருமாம், போன வாரமே அம்மாட்ட சொல்லிட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது அவர்கள் எடுத்த இரண்டாம் பாகத்தைக் கேளுங்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. ஐந்து பகுதிக்கு, விசாரிக்க வந்த அதிகாரி ஜன்னலையே பார்க்கிறாள். ஆறாவதில், முதல் பாகம் முழுக்கத் தலையைக்கூடக் காட்டாத ஒருவன் வருகிறான். அணை வேலைக்கு வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன். அவன்தான் கொலைகாரனாம்! ஊரில் இருக்கிற அத்தனை பேரும் உத்தமர்கள், வந்தவன் மட்டும் பாவி. அன்றைக்கு நான் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வியை எட்டுப் பகுதியாக எடுத்திருக்கிறார்கள் அக்கா. அவர்கள் வீட்டுத் தலையணையைத் தடவிப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனீர்கள்.

அவன் சின்ன வயதுக் கஷ்டத்துக்கு மட்டும் இரண்டு பகுதி. டீச்சருக்கு? ஒரே ஒரு காட்சி, கொலை நடக்கும் காட்சி. அதிலும் நீல ஸ்வெட்டர்தான் போட்டிருக்கிறாள். எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கறுப்பு நூலும் இல்லை, நீல நூலும் இல்லை. பட்டனே இல்லை. ஜிப்!

அது துப்பே இல்லை அக்கா. படப்பிடிப்பில் பட்டன் அறுந்ததும் யாரோ கையில் கிடைத்த நூலில் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த பாகத்தில் அதே ஸ்வெட்டரைத் தேடக்கூடச் சோம்பல். ஒரு தையல் விட்டதற்கு ஒரு பெட்டிச் சரக்கையே திரும்பப் பிரித்துப் பார்க்க வைக்கிற ஊரில் நாம் இருக்கிறோம். உலகம் பூராவும் பார்க்கிற சரக்கை அவர்கள் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அவர்களுடைய அலட்சியத்துக்கு நாம் அறிவு என்று பெயர் வைத்து, மாலை போட வேண்டும் என்று வேறு சொன்னோம். வெட்கமாகவும் இருக்கிறது, வெறியாகவும் இருக்கிறது. அது போதாதென்று கடைசியில் அதிகாரியின் போன் அடிக்கிறது, மூன்றாம் பாகமாம். நான் பார்க்க மாட்டேன். பார்த்தாலும் திட்டத்தான் பார்ப்பேன்.

உங்கள் டேபிளில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பெண் நிற்கிறாள். தமிழ் பாதி புரியும், கை நல்ல சுத்தம். இன்றைக்கு டீ டைமில் அவள்தான் கேட்டாள், "அக்கா, அந்த டீச்சர் சீரியல், யாரு கொன்னாங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பிசிறு நூல் வெட்டும் ட்ரிம்மிங்கில் இருக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி முந்திக்கொண்டாள். "நான் பாத்துட்டேனுங்க்கா! அணை வேலைக்கு வந்த இந்திக்காரன்." சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒடிசாப் பெண் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ரிஜெக்ட் ஆன பீஸ், கண்ணு" என்றேன். "பாஸான பீஸை நான் சொல்றேன். ரெண்டு பேரும் இங்க வாங்க."

மூன்றாவது பட்டனிலிருந்து தொடங்கினேன். பின்கதவு, தாழ்ப்பாள், கடலை மிட்டாய் எல்லாம் சொன்னேன். பெல் அடித்தும் யாரும் நகரவில்லை. முடித்ததும் அந்த ஒடிசாப் பெண் தன் டேபிளில் இருந்த ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து என் மணிக்கட்டில் ஒட்டினாள்.

"அக்கா, அறுந்த பழைய பட்டன் எங்க போச்சு?"

அதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை அக்கா. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.