உங்கள் இஷ்டம் என்று சொன்னேனே

வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் நலமா? நானும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் அது முழு உண்மையாக இருக்காது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இந்த மூன்று வரியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய், அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பை இன்னும் பற்றவே வைக்கவில்லை.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் கப்பல் சமையல்காரர் விடுப்பு முடிந்து கிளம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஃபோனில் நாம் பேசும் லட்சணம் உங்களுக்கே தெரியும். பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதில் போகிறது. மீதி நேரம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். குறை சொல்லவில்லை, மகன் குரலைக் கேட்க அவருக்கும் ஆசை இருக்காதா? ஆனால் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புருஷனிடம் என்னதான் பேச முடியும்? மழை பெய்ததா, மாத்திரை வாங்கியாயிற்றா, தண்ணீர் வருகிறதா. நானும் நீங்களும் பேசுவதைக் கேட்டால் நகராட்சி அலுவலகம் என்று நினைப்பார்கள்.

போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். நான் "உங்க இஷ்டம்" என்றேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்காமல், "சரி, அப்ப அடுத்த துறைமுகத்துல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றீர்கள். லைன் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதை அப்புறம் பேசுகிறேன். முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஃபோனில் சொன்னபோது தையல் மெஷினா என்று கேட்டீர்கள். தையல் மெஷின் இல்லை. இதற்கு ஸ்க்ரோல் சா என்று பெயர். சின்ன மேஜை, அதன் நடுவில் செங்குத்தாக ஒரு பிளேடு, துடைப்பக் குச்சியைவிட மெல்லிசு. அது மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கும், நாம் பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரைந்த கோட்டிலேயே போனால் பூ வரும், குருவி வரும், எழுத்து வரும். பூவுக்கு உள்ளே வெட்ட வேண்டுமானால் முதலில் டிரில்லால் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கோத்து மறுபடி மாட்ட வேண்டும். மாட்டியபின் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். ணங் என்று கேட்டால் சரி, தொளதொளவென்று இருந்தால் இன்னும் முறுக்க வேண்டும். எஞ்சின் அறையில் வேலை செய்பவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மாடியில் குடியிருக்கிறாரே தையல்கார அக்கா, அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை. கடைக்காரருக்கு இந்தப் பைத்தியம் முற்றிப்போய், மூன்று மெஷினை அங்கே வரிசையாகப் போட்டிருக்கிறார். சாயங்காலமானால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள். பல் டாக்டர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், அக்கா, நான், இன்னும் சிலர். யாரும் யாரையும் நீ என்ன படித்தாய், உன் புருஷன் எங்கே என்று கேட்பதில்லை. கேட்டால் எத்தனாம் நம்பர் பிளேடு என்றுதான் கேட்பார்கள். முதல் நாள் நான் பிளேடைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். பிளேடின் பல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினைப் போட்டதும் பலகை எகிறிக் குதித்து டிரைவர் மடியில் விழுந்தது. அவர் நிதானமாக எடுத்துக் கொடுத்து, "முதல் தடவை நான் எதிர்ச் சுவர் வரைக்கும் அனுப்பினேன்" என்றார்.

அந்த அறையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதன் பெயர் பாவம் பெட்டி. யாருக்காவது பலகை உடைந்தால், கோடு தப்பினால், தூக்கி எறியக் கூடாது. அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரே குரலில் 'பாவம்' என்பார்கள். புத்திமதி சொல்லக் கூடாது, அப்பவே சொன்னேனே என்று சொல்லவே கூடாது. இந்த ஒரு சட்டத்தை நம் சொந்தக்காரர்களுக்கும் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கை வலிக்கிறது. எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்.

சனிக்கிழமை

நேற்று நடக்கப் போனவள் திரும்பி எழுத உட்காரவில்லை. துணி அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். அப்புறம் சரியில்லை என்று மறுபடி கலைத்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பல் டாக்டர் கதையைச் சொல்ல வேண்டும். அவர் புது மெஷின் வாங்கியதும், பழையதைத் தன் காரிலேயே கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். கெட்டுப்போகிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு நன்றியாக, அவருடைய கிளினிக் வாசலுக்கு 'பல் மருத்துவர்' என்று எழுத்து வெட்டிக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது உங்கள் ஃபோன் வந்த மறுநாள். அதுதான் வினை.

நம் எழுத்தை வெட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேலே புள்ளி வைக்கிறோமே, அது எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. காகிதத்தில் நிற்கும், மரத்தில் எப்படி நிற்கும்? விழுந்துவிடும். அதனால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் மெல்லிய காம்பு ஒன்று விட்டு வெட்ட வேண்டும். நானும் விட்டேன். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மனம் இங்கே இல்லை. அந்தத் துறைமுகம் எது, எப்போது போய்ச் சேருவீர்கள், யார் காகிதத்தை நீட்டுவார்கள், என் மனம் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஒரு காம்பு ஒடிந்து புள்ளி எங்கேயோ போனதை நான் பார்க்கவே இல்லை. அப்படியே பலகையில் ஒட்டி, பாலிஷ் போட்டு, பளபள தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் எல்லோர் எதிரிலும் பிரித்தார். 'பல மருத்துவர்' என்று இருந்தது.

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பாவம் பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்று கை நீட்டினேன். டாக்டர் தர மறுத்துவிட்டார். மறுநாளே வாசலில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் மற்ற டாக்டர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்கிறார்களாம். பல்வலியோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்காருகிறார்களாம், ஊசிகூடத் தேவைப்படுவதில்லை என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார். பொய்தான். ஆனால் எனக்காகச் சொல்கிற பொய் என்பதால் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகும் என் கை சரியாகவில்லை. ஒன்று மாற்றி ஒன்றாகப் பிளேடு ஒடிந்துகொண்டே இருந்தது. பலகையைப் பிளேடு இழுக்கிற வேகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், நாம் அவசரப்பட்டுத் தள்ளினால் டப்பென்று ஒடிந்துவிடும். அந்த அறையில் பிளேடு ஒடிகிற சத்தத்தை வைத்தே யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நேற்று சாயங்காலம் அங்கே அக்கா எழுந்து வந்து நான் ஓட்டிக்கொண்டிருந்த மெஷினை அணைத்தார். பிளேடு கதையைப் பெட்டியில் போட வேண்டாம், மனசில் இருப்பதைப் போடு என்றார்.

போட்டேன். நீங்கள் கேட்டது, நான் சொன்னது, நீங்கள் சரி என்றது எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் 'பாவம்' என்று சொல்லவில்லை. பல் டாக்டர்தான் முதலில் பேசினார். தன் மனைவி உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டால், தான் அந்தக் காரியத்தின் பக்கமே போவதில்லை, அதைவிடத் தெளிவாக 'வேண்டாம்' என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். டிரைவரும் தலையாட்டினார். ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அப்படியா? நான் இத்தனை வருஷமா என் இஷ்டம்னுதானே நினைச்சிட்டிருந்தேன்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் பயம் பிடித்துக்கொண்டது. நீங்கள் பல் டாக்டர் ஜாதி இல்லை. நீங்கள் கண்ணாடிக் கடைக்காரர் ஜாதி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனுஷன்.

இன்று மத்தியானம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மெஷினை அந்தச் சின்ன அறையில்தான் போட்டிருக்கிறேன். அந்த அறையைத் தொட்டில் போடுவதற்கென்று ஒதுக்கி, என்ன நிறம் அடிப்பது என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அத்தை அங்கே டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி நானாகவே எடுத்தேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே அத்தை, இன்னும் இரண்டு வருடம் கப்பலில் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உனக்குத்தான் சந்தோஷம்னு நான் நினைச்சேன்" என்றார். போன மாதம் நான் குளிக்கப் போயிருந்தபோது நீங்கள் பேசினீர்களாமே. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்களாமே. முன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை, மெஷின் வந்துவிட்டது, சிநேகிதம் வந்துவிட்டது, உன்னைத் தேடுவதுகூட இல்லை, நீ நிம்மதியாக இரு என்று அத்தை சொன்னாராம். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். நான் உங்க இஷ்டம் என்றதும், நான் இதுவே போதும் என்று சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். அவருக்காகத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்றேன். என் மகன் கப்பலில் இருக்கிறான் என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்தப் பெருமையை எப்படிப் பறிப்பது என்று கேட்டேன்.

அத்தை மெஷின் மேலிருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தார். "தெருவுக்குச் சொல்லிக்கத்தான் கப்பல். வீட்டுக்கு அவன் வேணும்மா" என்றார். அப்புறம், இந்த மெஷினை எப்போது வேண்டுமானாலும் கூடத்துக்கு நகர்த்திவிடலாம், கனமில்லை, நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை

சமையல்காரர் வந்துவிட்டார். கூடத்தில் அத்தையோடு பேசிக்கொண்டு டீ குடிக்கிறார். நீங்கள் சொன்ன அந்த அடுத்த துறைமுகத்தில்தான் கப்பல் ஏறுகிறாராம். நேரமில்லை, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. அத்தை சொன்னது பொய்யில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாயங்காலம் போக ஓர் இடம் இருக்கிறது. நான் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. பிளேடு மாட்டிவிட்டு ணங் என்று கேட்கும்போது, என் கையாலும் ஒன்று ஆகிறது என்று தோன்றுகிறது. நீங்கள் வந்த பிறகும் போவேன், தடுத்தால் கேட்க மாட்டேன். ஆனால் அது வேறு, நீங்கள் வேறு. அது வந்ததால் உங்கள் இடம் நிரம்பிவிட்டது என்று யார் சொன்னது? எனக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு வருடம் என்பது கப்பல்காரர்களுக்குச் சின்னக் கணக்கு, எனக்கு அப்படியில்லை.

சமையல்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, வாய்ச்சேதி ஏதாவது உண்டா அண்ணி என்று கேட்கிறார். எல்லாம் இதில் இருக்கிறது, கப்பல் ஏறியதும் முதல் காரியமாகக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நான் அழுதுகொண்டு கூப்பிட்டால் பரிதாபப்பட்டு வருவீர்கள், அப்படி வர வேண்டாம். ஒரு குறையும் இல்லாமல், சிரித்துக்கொண்டு, நாலு பேரோடு நன்றாக இருந்துகொண்டுதான் கூப்பிடுகிறேன். எனக்கு நீங்கள் வேண்டும். வந்துவிடுங்கள்.

காற்றும் கடலும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குப் பதிலாக உங்களையே எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி