நான்காம் தூணின் குறி

பதிவு 1
நாள் 211. காலை 07:40

செவ்வாய். பெரும்பள்ளத்தாக்கின் வடசரிவு, ஏழாம் குகைத் தளம். வெளி வெப்பம் மைனஸ் 61. கூடார அழுத்தம் சரி. ஆக்ஸிஜன் கருவி சரி. மின்சாரம் பாலக் கட்டுமான முகாமின் கம்பி வழியாக வருகிறது, சரி. பணியாளர்: ஒருவர்.

அந்த ஒருவர் நான். தவமணி ஞானப்பிரகாசம், தொல்லியலாளர், வயது 52. கூட இருந்த இருவரையும் நேற்றுத் தலைமையகம் அவசரப் பணி என்று அழைத்துக்கொண்டது. வண்டியும் அவர்களோடு போயிற்று. அந்த அவசரப் பணி என்னவென்று கேட்டேன். பாலத் திறப்பு விழாக் கண்காட்சிக்குப் படம் மாட்டுவதாம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் முதல் கப்பலில் முப்பத்தொரு பேர் இங்கே இறங்கினார்கள். நாற்பது நாளில் எல்லோரும் செத்துப்போனதாகப் பள்ளிப் பாடம் சொல்கிறது. இந்தக் குகையில் அவர்கள் பாறையைக் குடைந்து பன்னிரண்டு அறைகள் செய்திருக்கிறார்கள். நாற்பது நாளில் பன்னிரண்டு அறை குடையலாம் என்று நம்புகிறவர் யாரும் வாழ்நாளில் உளியைத் தொட்டிருக்க மாட்டார்.

ஒன்பது அறை தோண்டியாயிற்று. மூன்று பாக்கி.

பதிவு 2
நாள் 213. காலை 10:15

குகை வாசலில் சிவப்பு வண்ணத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வட்டத்துக்குள் '4'. பாலத்தின் நான்காம் தூண் அங்கே இறங்குகிறது. குகையை வெடி வைத்துச் சமப்படுத்துவார்கள்.

பாலம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வடகரைக்காரருக்குப் பிரசவ வலி வந்தால் தென்கரை ஆஸ்பத்திரிக்குப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பதினோரு மணி நேரம் போக வேண்டும். பாலம் வந்தால் முக்கால் மணி. தூணை அறுபது மீட்டர் மேற்கே தள்ளுங்கள் என்று மட்டும் கேட்டேன். நான்கு முறை எழுதிக் கேட்டேன்.

தொல்லியல் துறை இயக்குநர் ரங்கபாஷ்யத்தின் பதில் இன்று வந்தது:

"டாக்டர் தவமணி, படங்களைப் பார்வையிட்டோம். தற்காலிக முகாம், பாரம்பரிய மதிப்பு குறைவு. பொருள்களைப் பெட்டியில் கட்டி வையுங்கள். 220ஆம் நாள் வண்டி வரும்."

படங்களைப் பார்வையிட்டார்களாம். போன வாரம் நான் அனுப்பிய எண்ணூறு படங்களில் திறக்கப்பட்டவை ஆறு. கோப்பே அதைக் காட்டிக் கொடுக்கிறது. முப்பது வருடம் தொல்லியலில் இருக்கிறார் மனிதர். முட்டி மடக்கி மண்ணில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பதிவு 3
நாள் 215. பகல் 14:05

பத்தாம் அறை. பின்சுவரை ஒட்டிக் கல்மேடை. மேடை மேல் மடித்து வைத்த அழுத்த உடுப்பு ஒன்று.

நீளம் 94 சென்டிமீட்டர்.

இரண்டு முறை அளந்தேன். பெரியவர் உடுப்புகள் மூன்றை வெட்டி, ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள். முழங்கைக்கு வைத்திருப்பது பெரியவர் கையுறையின் விரல் மூட்டு. தையல் இரட்டை இழை, மேலே பிசின் பூச்சு, காற்று கசியாத வேலை. கால் பகுதியில் உள்மடிப்பு விட்டிருக்கிறார்கள். மடிப்பை மூன்று தடவை பிரித்து நீட்டிய தடம் இருக்கிறது. மீதியிருக்கும் மடிப்பும் முழுவதும் பிரிந்தால் நீளம் 121.

இங்கே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. வளர்ந்திருக்கிறது. நடந்து வெளியே போய் வானத்தைப் பார்த்திருக்கிறது. செவ்வாயில் பிறந்த முதல் குழந்தை என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்களே, அதற்கு எண்பது வருடம் முந்திய குழந்தை இது.

கொஞ்ச நேரம் வேலை செய்ய முடியவில்லை. தலைக்கவசத்துக்குள் அழுதால் துடைக்க வழி கிடையாது.

பதிவு 4
நாள் 216. காலை 09:30

உடுப்பைப் பற்றி அனுப்பிய அறிக்கைக்குப் பதினாறு நிமிடத்தில் பதில்:

"வகை: துணி. நிலை: கிழிந்தது. மதிப்பு: இல்லை."

பிரித்துத் தைத்ததற்கும் கிழிந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் ஒரு கிரகத்தின் வரலாறு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

பாலப் பொறியாளர் கோட்டைச்சாமியை ரேடியோவில் பிடித்தேன்.

"மேடம், அறுபது மீட்டர் தள்ளலாம்தான். சொல்லப்போனா அங்கதான் பாறை இன்னும் கெட்டி."

"அப்புறம் என்னங்க தடை?"

"வரைபடத்துல கையெழுத்தாயிடுச்சு மேடம். மாத்தணும்னா பதினாலு பேரு திரும்பப் போடணும். அவ்வளவு பேரும் விழா வேலையா இருக்காங்க."

பதினான்கு கையெழுத்து. அதற்குள் ஒரு மலையே தேய்ந்துவிடும்.

பதிவு 5
நாள் 217. காலை 08:00

வெடிப்பு விதிகளைப் படித்தேன். ஒரு கிலோமீட்டருக்குள் மனிதர் இருந்தால் தானியங்கி வெடிக்கருவி இயங்காது. அவரவர் உடுப்பு அனுப்பும் அடையாளச் சமிக்ஞையை வைத்து அது ஆளைக் கண்டுகொள்கிறது.

ஆகவே நான் போகப்போவதில்லை. எழுத்தில் தெரிவித்துவிட்டேன். பெட்டி எதையும் கட்டவில்லை.

மாலை 16:20. மின்சாரம் நின்றது. "கம்பி பராமரிப்பு" என்கிறார்கள். என்னை அடிக்க அவர்களுக்குத் தைரியம் கிடையாது, பராமரிக்கத்தான் தெரியும். மின்கலத்தில் இரண்டு நாள் ஓடும்.

பதிவு 6
நாள் 219. பகல் 12:45

ஆக்ஸிஜன் கருவி உறைந்து நின்றுவிட்டது. சிலிண்டர் ஒன்று இருந்தது. அதில் பாதி தீர்ந்தபோது தூரத்தில் வண்டித் தூசி தெரிந்தது.

கோட்டைச்சாமி. தனியாக, இரண்டு சிலிண்டர்களோடு.

"வாங்க மேடம், என்கூடவே போயிரலாம். இது உங்களுக்கு எதுக்கு?"

பத்தாம் அறைக்குக் கூட்டிப்போனேன். அவர் எதையும் தொடவில்லை. கையை மட்டும் தன் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என் மக இந்த உசரம்தான்" என்றார். அப்புறம், "தச்சவங்க யாரோ, நல்லா தச்சிருக்காங்க."

வெளியே வந்ததும், தூணைத் தள்ளச் சொல்லி இன்றே அறிக்கை தருவதாகச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். நான் ஒரு அடி நகர்ந்தால் அவருடைய அறிக்கையைப் படிக்க அவர்களுக்கு அவசியம் இருக்காது. புரிந்துகொண்டார். கிளம்பும்போது, "நாளைக்கு இதே நேரம் சிலிண்டரோட வர்றேன். அந்த மெஷினுக்குக் கண்ணு இருக்கு மேடம். ஆளு நின்னா நிக்கும். பயப்படாதீங்க" என்றார்.

இந்த ஏழு மாதத்தில் வெளியிலிருந்து வந்து என்னிடம் மனிதராகப் பேசிய ஒரே ஆள்.

பதிவு 7
நாள் 220. பகல் 13:30

கோட்டைச்சாமி வரவில்லை. முகாமைக் கூப்பிட்டேன். "பொறியாளர் தென்கரைக்கு மாற்றப்பட்டுள்ளார்" என்றது இயந்திரக் குரல். அப்படியானால் அறிக்கை கொடுத்திருக்கிறார்.

என்னை ஏற்றிப்போக வர வேண்டிய வண்டியும் வரவில்லை.

14:10. இயக்குநரிடமிருந்து செய்தி:

"டாக்டர் தவமணி, தளத்திலிருந்து பத்திரமாக வெளியேறி ஒத்துழைத்தமைக்கு நன்றி. விழாவில் சந்திப்போம்."

மூன்று முறை படித்தேன். உடுப்பின் மணிக்கட்டுத் திரையைப் பார்த்தேன். 'அடையாளம்: ரத்து. பணியாளர் வெளியேறினார், 09:00.'

காலை ஒன்பது மணிக்கு நான் பன்னிரண்டாம் அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

தலைமையகத்தைக் கூப்பிட்டேன். "இந்த எண்ணில் பணியாளர் யாரும் இல்லை." திரும்பக் கூப்பிட்டேன். அதே பதில். கொலை செய்ய வேண்டுமானால்கூட இவர்களுக்கு ஒரு படிவம் போதும். அதிலும் ரங்கபாஷ்யம் படித்துப் பார்க்காமல்தான் கையெழுத்து வைத்திருப்பார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை.

பதிவு 8
நாள் 220. பகல் 15:05

ஆக்ஸிஜன் எழுபது நிமிடம். ஆள் இருக்கும் பக்கத்து இடம் வடகரை, பதினான்கு கிலோமீட்டர். கணக்குப் போட ஒன்றுமில்லை.

வெடிக்கருவி சரிவில் ஏறி வருகிறது. அதன் கண் முன்னால் போய் நிற்பேன். அது நின்றால் ஏன் நின்றது என்று பார்க்க யாராவது வர வேண்டும். வந்தால் நானும் பிழைப்பேன், குகையும் பிழைக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை. குழந்தை உடுப்பைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பாறை இடுக்குக்கு வந்தேன். வெடி இங்கே எட்டாது. பதிவுக்கருவியை உடுப்புக்குள் வைத்து இடுக்கைக் கல்லால் மூடுகிறேன். இனி என் ரேடியோவிலிருந்து குரல் மட்டும் பதிவாகும்.

எடுப்பவரே, தையலைப் பிரித்துவிடாதீர்கள்.

பதிவு 9 — குரல்
15:48

வட்டத்துக்குள்ள நிக்கிறேன். நாலுன்னு எழுதின இடத்துல. மெஷின் இருபது மீட்டர்ல. துளை போட ஆரம்பிச்சிருக்கு. கால்ல அதிருது.

கையைத் தூக்கி ஆட்டுறேன்.

15:53

நின்னுடுச்சு. நின்னுடுச்சு! கண்ணைத் திருப்புது. என்னைப் பாக்குது. விளக்கு மூஞ்சியில அடிக்குது. கோட்டைச்சாமி சொன்னது...

15:54

ரேடியோவில பேசுது. கேளுங்க.

"உருவம் ஒன்று. உயரம் 160. அடையாளம் இல்லை. கோப்பு சரிபார்க்கப்பட்டது: தளம் காலி. பாறையாகக் கொள்ளப்படுகிறது."

இல்ல. நான் ஆளு. தவமணி. தவமணி ஞானப்பிரகாசம். இங்க பாரு, கை, இது கை...

"துளையிடல் தொடர்கிறது."

முட்டாப் பசங்களா, தளம் காலி இல்ல, நான் இங்க