மதுரைக்குப் போனதாக நீ சொன்ன நாட்கள்

என் பாக்கியம் அக்காவுக்கு,

"நல்லாருக்கிற பிள்ளைய எதுக்குடி வருசாவருசம் கூப்பிடுதாக?" என்று நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூட வாசலில் நின்று என்னைக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உன் மகள் செல்விக்கு அப்போது பத்து வயது. ரத்தப் புற்றுநோய் குணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் கடிதத்தை அன்றுதான் உன் கையில் கொடுத்தேன்.

பிழைத்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று டாக்டர்கள் ஆராய்கிறார்கள் என்றேன். நோயைக் கொன்ற மருந்து இதயத்தையும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம், பல வருடம் கழித்துத்தான் அது தெரியும். தண்ணி மோட்டார் ஒரு வீட்டுக்கு ஏற்றும்வரை பழுது தெரியாது, இரண்டு வீட்டுக்கு ஏற்றச் சொன்னால் திணறும் என்று உதாரணமும் சொன்னேன். தலையாட்டினாய்.

கடிதங்கள் என் பள்ளி முகவரிக்கே வரட்டும் என்றது நீதான். ஆஸ்பத்திரி பெயர் போட்ட உறை வெம்பக்கோட்டைக்கு வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், நாளைக்குப் பெண் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்றாய். செல்வியிடமும் விஷக் காய்ச்சல் என்றே சொல்லியிருந்தாய். கல்யாணத்துக்கு முன் நீயே அவளிடம் சொல்லிவிடுவதாக என் கையைப் பிடித்துச் சொன்னாய். வருடத்துக்கு ஒருமுறை உறையை வாங்கிக்கொண்டு, பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டு, அவளோடு பஸ் ஏறுவாய். திரும்பி வந்து, "எல்லாம் நல்லாருக்காம்டி" என்பாய்.

போன வருடம் நீ கண்ணை மூடிவிட்டாய். இந்தச் சித்திரையில் செல்விக்கு ஏழாம் மாதம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. விருதுநகரில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இதயம் பலவீனமாக இருக்கிறதே, சின்ன வயதில் பெரிய வியாதி ஏதும் வந்ததா என்று கேட்டார். விஷக் காய்ச்சல் என்றாள் செல்வி. மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார். நான்தான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். வருடாவருடம் மதுரையில் பரிசோதித்திருக்கிறோம் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

செல்வி என்னையே பார்த்தாள். "மதுரைக்கா? நாங்க இருக்கன்குடி கோயிலுக்குல்லா போவோம் சித்தி. நேத்திக்கடன்னு அம்மா சொல்லும். கும்பிட்டுட்டு சாயங்காலம் பஸ் ஏறிருவோம்."

ஒரு தடவைகூடவா போகவில்லை அக்கா? போனால் மறுபடியும் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயமா? என்னிடம் சொல்லியிருந்தால் நான் கூட வந்திருக்க மாட்டேனா?

மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மாதான் பொய் சொல்லுச்சு. நீங்க எம்புட்டுப் பேருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தீக? என் ஒடம்பப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையா?"

உறையின் மேல் அவள் பெயர்தான் இருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்த பிறகும் அதை உன் கையில்தான் கொடுத்தேன்.

அவளை மதுரைக்குக் கூட்டிப் போனோம். கொடுத்த மருந்தின் பெயரும் அளவும் பழைய பதிவேட்டில் இருந்தன. அதைப் பார்த்து வைத்தியம் செய்தார்கள். எட்டாம் மாதம் ஆபரேஷன். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறாள். செல்வியின் இதயம் பழையபடி ஆகுமா என்று டாக்டர்களால் இன்னும் சொல்ல முடியவில்லை.

நீ பயந்தது மாப்பிள்ளை வீட்டாருக்குத்தானே? மாப்பிள்ளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "முன்னமே தெரிஞ்சா பதனமாப் பாத்திருப்பேனே அத்தை" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். செல்வி என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அவள் கூப்பிட்டால் துணைக்குப் போவேன், கூப்பிடாவிட்டாலும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். அவள் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாத எதையும் இனி நான் தெரிந்து வைத்துக்கொள்ள மாட்டேன். இது சத்தியம்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று. புற்றுநோயிலிருந்து பிழைத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தாளை அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உன்னை நம்பிய தங்கை,
சரஸ்வதி