வவ்வாலுக்குத் தெரிஞ்சுபோன மூலை

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாரும் வழுக்கி விழலை, வீடு வெச்ச இடத்துலயே இருக்கு, அதனால பதறாம உட்கார்ந்து படி. நீயும் கை கால் சுகத்தோட, முக்கியமா கால் சுகத்தோட இருக்கணும்னுதான் தினமும் வேண்டிக்கிறேன். போன்லயே சொல்லியிருப்பேன், ஆனா உங்கப்பா இப்பல்லாம் போனை விட்டு நகர்றதில்லை, நான் எடுத்தாலே அவர் முகம் வெளுத்துப்போகுது. அதான் எழுதி, இந்தக் கடுதாசியைப் படம் பிடிச்சு அனுப்ப உன் தங்கச்சிகிட்டே சொல்லியிருக்கேன். மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ எழுத்துடா, புரியலைன்னா பெரிசு பண்ணிப் பாரு.

விஷயம் இதுதான். நம்ம ஊர் கால்பந்து டீம் உங்க டீமோட ஆட அங்கே வருதில்ல, அந்த ஆட்டத்தைப் பத்தித்தான். இதுலயாவது கோல் போட்டாத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்போம்னு உங்க கோச் சொல்லிட்டாராம், நீட்டிக்கலைன்னா விசாவும் போச்சாம், தங்கச்சி சொன்னா. எப்பவும் பெனால்டி அடிக்கிற ஆளு காலுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறதால இனிமே பெனால்டி உன் பொறுப்புன்னு போன தடவை நீயே சொன்னே. அன்னைக்கு உங்கப்பா நம்ம சலூனுக்கும் வீட்டுக்கும் நடந்த நடை இருக்கே, ஏதோ அவரையே டீம்ல எடுத்துட்ட மாதிரி.

அந்த நடைதான் வினையாப்போச்சு. மறுநாள் நம்ம ஊர் டீமுக்குக் கோல் காக்கிற கோலி, அதான் சின்ன வயசுல உன்கூடச் சுத்துன வவ்வால், கோல் கம்பத்துல தொங்கித் தொங்கியே அந்தப் பேர் வாங்கினவன், அங்கே ஆடக் கிளம்புறதுக்கு முன்னாடி முடி வெட்டிக்க வந்திருக்கான். பாதி தலை வெட்டியாச்சு. பெஞ்சுல பேப்பர் படிச்சுட்டிருந்த லாரி ஷெட் மெக்கானிக், உங்க பையன் அங்கே ஆடப் போனானா இல்லை பெஞ்சைச் சூடு பண்ணப் போனானா அண்ணேன்னு கேட்டிருக்கான். உங்கப்பாவுக்குத்தான் மூக்குக்கு மேல கோபம் வருமே. கத்தரியை வெச்சுட்டு, ஷேவிங் துண்டைப் பந்து மாதிரி சுருட்டித் தரையில வெச்சு, ரெண்டு நாற்காலிக்கு நடுவுல கோல் போட்டுக் காட்டியிருக்கார். என் பையன் பெனால்டி அடிச்சா எவனும் பிடிக்க முடியாது, ஓடி வந்து ஒரு நிமிஷம் நிப்பான், வலது மூலையை முறைப்பான், அடிக்கிறது என்னவோ இடது மூலைக்கு, தரையோட தரையா, கடை ஷட்டருக்கு முன்னாடி கோலியா நின்னு நான் எத்தனை வருஷம் ஏமாந்திருக்கேன்னு மூச்சு விடாம சொல்லியிருக்கார். துண்டு போய் விழுந்தது வவ்வால் காலடியில. கண்ணாடியில அவன் மூஞ்சியைப் பார்த்ததும்தான் மனுஷனுக்கு உறைச்சிருக்கு, யாருக்கு வகுப்பு எடுத்தோம்னு. மீதிப் பாதியை அவனை ஏறிட்டுப் பார்க்காமலே அவசர அவசரமா வெட்டியிருக்கார்டா. அந்தப் பிள்ளை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கின தலையோடதான் விமானம் ஏறியிருக்கு, டிவியில பார்த்தா சிரிக்காதே.

மெக்கானிக் வந்து என்கிட்டே சொன்னதும் நேரா வவ்வால் வீட்டுக்கே போயிட்டேன். பெட்டி கட்டிட்டிருந்தான். அவங்க அண்ணி முன்னாடியே கேட்டேன், தம்பி, கேட்டதை மறந்துடுவியான்னு. அவன் பெட்டியை மூடி அது மேலயே உட்கார்ந்தான். அப்புறம், மறந்துட்டேன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா அம்மான்னு கேட்டான். மாட்டேன்னேன். அப்போ எனக்கு ஞாபகம் இருக்குன்னே அவன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கும் இந்த ஆட்டத்தை விட்டா ரெண்டாவது கோலியா உட்கார வேண்டியதுதான், தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி என்னால நிக்க முடியாது, ஆனா எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாம நிக்கவும் பிடிக்கலைன்னான். திட்டத்தான் போனேன், தலையைத் தடவிட்டு வந்தேன், அந்தக் கோணல் தலையை.

இப்போ என்ன பண்றதுன்னு என்கிட்டே கேட்காதே. வேற மூலைக்கு அடிச்சா உன் கால் பழக்கம் விடுமா, அதே மூலைக்கு அடிச்சா அவன் காத்திட்டிருப்பான், இல்லை நீ மாத்துவேன்னு அவனும் மாத்துவான், நினைக்க நினைக்கப் பாத்திரம் கழுவுற இடத்துலயே தலை சுத்துது. எந்தப் பக்கம்னு முடிவு பண்ணினாலும் எனக்குக்கூடச் சொல்லாதே, நம்ம வீட்டு வாய் எப்படின்னு பார்த்துட்டே இல்ல. ஒண்ணு மட்டும் கேளு. பயந்துபோய்ப் பந்தை இன்னொருத்தன் கையில கொடுத்துட்டு ஒதுங்கி நின்னுடாதே. தவறினா தவறட்டும், உன் கால்ல தவறினா அது ஆட்டம். நீ ஒதுங்கிட்டேன்னு வெச்சுக்கோ, அது உங்கப்பாவால ஒதுங்கினதாத்தான் அவர் சாகிற வரைக்கும் நினைப்பார். வேலை போனா வா, வீடு இருக்கு, சோறு இருக்கு, உன்னைக் கிண்டல் பண்ண நான் இருக்கேன். ஆனா இந்த மனுஷன் அன்னையிலேர்ந்து வாயே திறக்கலை. சலூன்ல ரேடியோ கூடப் போடாம, வர்ற தலையைக் குனியச் சொல்லி வெட்டி அனுப்புறார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் வாயை மூட என்னென்னமோ பண்ணிப் பார்த்தவதான் நான், இப்போ மூடினது தாங்க முடியலைடா. பேசாத ஆளோட எப்படிக் குடித்தனம் பண்றதுன்னு எனக்குப் பழக்கமே இல்லை.

கணுக்காலுக்கு ஐஸ் வெக்க மறக்காதே. மழைன்னா புது ஷூ போட்டுக் காலைக் கடிக்க விடாதே. நல்லா தூங்கு. எந்த மூலைக்கு அடிச்சாலும் என் ஆசீர்வாதம் அந்த மூலையில இருக்கும், வவ்வாலுக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன், கோவிச்சுக்காதே.

ஆட்டத்துக்கு முன்னாடி அப்பாவுக்குப் போன் போடு. எனக்கு எல்லாம் தெரியும், பரவாயில்லைப்பான்னு மட்டும் சொல்லிடாதே, இன்னும் சுருங்கிடுவார். நல்லா திட்டு. அவர் திருப்பித் திட்டுற வரைக்கும் வைக்காதே.

இப்படிக்கு,
போனுக்குப் பக்கத்துலயே நிக்கப்போற
உன் அம்மா