நானா கொண்டுவந்த லொறி

வேலையெல்லாம் முடிந்து நாலைந்து நாளாகிவிட்டது. இன்னும் கையிலிருந்து துரு மணம் போகவில்லை. சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன், தேசிக்காய் தேய்த்துப் பார்த்தேன். நேற்று இரவு பிள்ளைகளுக்குச் சோறு குழைத்துக் கொடுக்கும்போது சின்னவள் மர்யம் என் விரலை மோந்து பார்த்துவிட்டு, "உம்மா, ஒங்கட கைல வாப்பா மணக்கிறாங்க" என்றாள். அழப் போகிறாள் என்று பயந்தேன். அவள் வாயைத் திறந்து அடுத்த பிடியை வாங்கிக்கொண்டாள்.

ஆகவே இதை உங்களுக்கு நானே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைச் சுற்றி வளவில் கிடந்த உங்கள் சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

உக்குவளையில் யாரிடமும் நம் வீட்டுக்கு வழி கேட்டால், "ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பழைய இரும்பு கெடக்குமே, அந்த வளவு" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். எனக்கு எரியும். விவசாயிகளின் தண்ணீர் பம்புகளைத் திருத்துகிற உங்களுக்கு நாலு பம்பின் உதிரிப்பாகம் தேவைப்படும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடைந்த ஜன்னல் சட்டம் எதற்கு? அடி கழன்ற தண்ணீர்த் தாங்கி எதற்கு? கைபிடி இல்லாத தையல் மெசின், ஓட்டைப் பீப்பா, தகரம், தகரம், இன்னும் தகரம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கெடக்கட்டும், பொறகு பாப்பம்."

நான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய காலம் நினைவிருக்கிறதா? நாவுலயில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. வாசலுக்கு வருவதற்கிடையில் ஒரு பிள்ளையின் கணுக்காலைத் தகரம் கிழித்துவிட்டது. அதன் தாய் வந்து, "டீச்சர், ஒங்கட படிப்பு நல்லம். ஒங்கட வளவுதான் பயமா ஈக்கி" என்றாள். அன்றிரவு உங்களோடு நான் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மறுநாள் காலையில் நீங்கள் என்ன செய்தீர்கள்? தகரத்தை எடுக்கவில்லை. அதன் விளிம்புகளுக்கெல்லாம் உரச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, "இப்ப கீறாதே" என்று என் முகத்தைப் பார்த்து நின்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் தப்பினீர்கள்.

பலா மரத்தடியில் நின்ற அந்தக் கார் வேறு. என்ஜின் இல்லை, டயர் இல்லை, நாலு கல்லின் மேல் ஒரு கூடு. மஃரிப் தொழுதுவிட்டு வந்து பிள்ளைகள் இரண்டையும் அதில் ஏற்றிக்கொள்வீர்கள். "எங்க போறது?" என்று கேட்பீர்கள். மூத்தவள் ஸஹ்ரா எப்போதும் திருகோணமலை என்பாள், கடல் பார்க்க. நீங்கள் வாயாலேயே ஹோர்ன் அடித்து, கியர் மாற்றி, வழியிலுள்ள நாலந்த வளைவுகளில் உடம்பைச் சாய்த்து ஓட்டுவீர்கள். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் இதை உண்மையாகவே ஓட வைப்பேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தீர்கள்.

லக்கலயில் ஒரு வயலில், பாதி கழற்றிய பம்புக்குப் பக்கத்தில் நீங்கள் விழுந்து கிடந்ததாகச் சொன்னார்கள். டிரக்டரில் ஏற்றி, ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வேன் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் படைத்தவன் எழுதினது அவ்வளவுதான் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும், அதற்கு முன் ஒரு கிழமையாக உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொல்லாத நாளில்லை. "வாய்வு புள்ள. பொறகு பாப்பம்" என்றீர்கள். ஊரானின் பம்பில் சின்னச் சத்தம் கேட்டாலே கழற்றிப் பார்க்கிற மனிதன், தன் நெஞ்சை மட்டும் அந்தத் தகரங்களோடு தகரமாகப் பிறகு பார்க்கப் போட்டு வைத்தீர்கள். அழுது முடிந்த பிறகு எனக்கு வந்தது கோபம். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் தெரியாது.

நீங்கள் போன பிறகு நான் இத்தா இருந்த மாதங்கள் முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அறை ஜன்னலால் தெரிந்தது அந்த வளவுதான். மழை பெய்தது. பீப்பாக்களில் தண்ணீர் தேங்கியது. பம்புகளின் மேல் கொடி ஏறி மூடியது. என் கூடப்பிறந்த மூத்த நானா நாவுலயிலிருந்து கிழமைக்கொரு தடவை அரிசியும் மரக்கறியும் கொண்டுவந்து போட்டார். அவர் நல்ல மனிதர். உங்கள் ஜனாஸாவைக் குளிப்பாட்டியவரும் அவர்தான். ஆனால் என்னைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டு, ஒருநாள் போனில் சொன்னார்:

"இத்தா முடிஞ்ச ஒடனே லொறியக் கொண்டு வாறன். சாமானக் கட்டி வை. ரெண்டு பொம்பளப் புள்ளயள வெச்சிக்கிட்டு தனிய ஈக்க ஏலாது."

"நான் வரல்ல நானா."

"கவலயில சொல்றாய். வந்தா சரியாகும்."

போனை வைத்துவிட்டார். இன்னொரு தரம் சொன்னேன். அதையும் அவர் கவலையாகவே கேட்டார். வாயால் சொல்வது இவருக்கு ஏறாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

இத்தா முடிந்த மறுநாள் காலை, உங்கள் பழைய சேர்ட் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு வளவில் இறங்கினேன். பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளைகளும் இறங்கினார்கள். முதல் தகரத்தைத் தூக்கியதும் அடியில் பாம்புச் சட்டை ஒன்று முழுசாகக் கிடந்தது. ஸஹ்ரா கத்திக்கொண்டு ஓடினாள். மர்யம் அதை ஈர்க்கில் குச்சியால் தூக்கிப் பார்த்து, "ஆள் இல்ல, சட்ட மட்டும்தான்" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பயம் விட்டுப்போனது. கொடியை அறுத்தோம். பீப்பாக்களைக் கவிழ்த்தோம். இரும்பை ஒரு பக்கம், தகரத்தை ஒரு பக்கம், மரத்தை ஒரு பக்கம் என்று வாசலோரத்தில் அடுக்கினோம். இடுப்பு விட்டுப்போனது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று, புருஷன் மவுத்தாகி இத்தனை நாளைக்குள் இவள் செய்கிற வேலையைப் பார் என்றார்கள், எனக்குக் கேட்கும்படியாகவே. "கை சும்மாதானே ஈக்கி, வந்து ஒரு பக்கம் புடிங்க" என்றேன். போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானா வந்தார். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற அந்தச் சின்ன லொறியைக் கழுவி, எங்கள் கட்டில் மெத்தைக்காகப் படங்கு விரித்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்து பார்த்தார். அலுமாரி இருந்த இடத்தில் இருந்தது. சுவரில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகள் தொங்கின.

"எங்க, ஒண்டையும் கட்டல்லயே?"

"கட்டியாச்சு நானா. வெளிய ஈக்கி." நான் வாசலோரக் குவியல்களைக் காட்டினேன். "லொறி தேவப்பட்டிச்சு. நீங்களே கொண்டு வந்துட்டீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னார்: "மச்சான்ட சாமான வீசுறாய். மச்சான்ட ஊட்ட விட்டுட்டு வர மாட்டேங்கிறாய். இது என்ன நியாயம்?"

"சாமான் அவர்ட. ஊடு அவர்ட மட்டுமில்ல. இதுக்குக் கல்லும் மண்ணும் நானும் சொமந்தேன். ஸஹ்ரா வயித்துல ஈக்கிற நேரத்திலயும் சொமந்தேன். நான் இங்கதான் ஈப்பேன். பலா மரத்தடியில வாங்கு போட்டு வகுப்பு வெப்பேன். ஏலாமப் போனா நானே ஒங்களுக்கு போன் எடுப்பேன். அது வரக்கும் என்ன ஏத்த வராதீங்க."

முழுவதையும் சொல்லி முடித்தேன். நானா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போய், ஒரு தகரத்தின் மறு முனையைப் பிடித்தார். "தூக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. அந்தத் தண்ணீர்த் தாங்கியையும் பம்புகளையும் நாங்கள் இரண்டு பேரும்தான் ஏற்றினோம். இரும்புக் கடைக்கு லொறியை எடுக்கும்போது தலையை வெளியே நீட்டி, "நோம்பு வரக்கும் பாப்பேன். சரிவராட்டி வந்து கூட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்றார்.

"பாருங்க" என்றேன்.

கார்தான் கடைசி. அது லொறியில் ஏறாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரும்புக்காரன் வருவதற்கு முதல் நாளே பிள்ளைகளிடம் சொன்னேன். ஸஹ்ரா சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

"வாப்பா அத ஓட வெப்பேன்ண்டு சொன்னாங்களே!"

"சொன்னாங்க மகள். ஓடல்ல."

இதைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பாருங்கள். ஆனாலும் ஒருவர் அதைச் சொல்லத்தான் வேண்டும். நீங்களும் வரப்போவதில்லை, அந்தக் காரும் ஓடப்போவதில்லை. என் பிள்ளைகள் அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்து காத்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். கடல் பார்க்க வேண்டுமென்றால் மாத்தளையில் பஸ் ஏறலாம். நான் கூட்டிக்கொண்டு போவேன். வெட்டுகிறவன் பொறி பறக்க வெட்டினான். ஸஹ்ரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் கடைசி வரைக்கும் நின்றாள். அந்த விஷயத்தில் அவள் என் மகள்.

வளவு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? கார் நின்ற இடத்தில் மண் வெளிறிக் கிடக்கிறது. அதன் மேல் பிள்ளைகள் உட்கார இரண்டு வாங்கு போட்டிருக்கிறோம். ஜன்னல் சட்டங்களை உடைத்து நானே அடித்தது. கொஞ்சம் ஆடும். வாசலுக்கு இரண்டு பக்கமும் செவ்வரத்தைத் தடிகளை நட்டிருக்கிறோம். படலைக்குப் பிள்ளைகள் நீலம் பூசினார்கள். படலையை விடத் தங்களுக்குத்தான் அதிகம் பூசிக்கொண்டார்கள். இன்று காலை அந்தத் தாய், கணுக்காலைக் காட்டிப் பேசியவள், படலையில் நின்று எட்டிப் பார்த்து, வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன்.

பின்னேரம் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமலே உங்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸஹ்ரா வந்து பக்கத்தில் நின்றாள்.

"யாரோட உம்மா சண்ட புடிக்கிறீங்க?"

"வாப்பாவோட."

"வாப்பா என்ன சொல்றாங்க?"

"ஏசுறாங்க. ஏன் கார வெட்டக் குடுத்தேண்டு கேக்குறாங்க."

அவள் அந்த வெளிறிய மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு, "வுட்டுக் குடுக்காதீங்க உம்மா" என்றாள்.

விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தச் சண்டையை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.