ஜெமீல் எடுத்துத் தந்த தேரைகள்

பாலையூற்று,
திருகோணமலை.

அன்பு மகள் அஞ்சலினாவுக்கு,

மாதாவின் காவலில் நீயும் மருமகனும் நோய்நொடியில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜெமீல் மௌத்தாகிப்போன மரணச் செய்தியை அம்மா போனில் சொன்னபோது எப்படி என்று நீ கேட்டாய், நான் எழும்பி வளவுக்குப் போய்விட்டேன். வாயால் சொல்ல ஏலாது மகள், அதுதான் எழுதுகிறேன்.

ஈச்சிலம்பற்றுக்கு அங்காலே, காட்டுக்குள் நீ படிப்புக்காகத் வேறெங்கும் இல்லாத தேரையைப் பார்த்துத் திரிந்த அந்தப் பாறையில் பாதியைக் கல் உடைக்கிறவர்கள் மாரிக்கு முன்னமே முடித்துவிட்டார்கள். கீழேயிருந்த நீர்க்குழிகள் கல்தூள் கலந்து கஞ்சிபோலக் கிடந்தன, தேரைக் குஞ்சுகளான வாற்பேத்தைகள் செத்து மிதந்தன. அந்த நாளில் உன்னைத் தன் ஆட்டோவில் காட்டுக்கு ஏற்றி இறக்கிய ஜெமீல்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னவர். இரண்டு பேருமாகக் கல் உடைக்க அனுமதி கொடுத்த கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த ஐயா மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் அந்தத் தேரைக்கு இன்னும் ஒருவரும் விஞ்ஞானப் பேர் வைக்கவில்லையே, பேரில்லாத ஒன்றுக்காக வேலையை எப்படி நிப்பாட்டுவது என்று கேட்டார். மிச்சப் பாறைக்கும் வெடி வைக்கப்போகிறார்கள் என்று அறிந்ததும், மாஸ்டர், உள்ளதையாவது எடுத்து வெப்பம், புள்ள வந்து கேட்டா என்னத்த சொல்ற என்றார் ஜெமீல். ஞாயிறு பூசை முடிந்த கையோடு புறப்பட்டோம்.

பாறை இடுக்குக்குள் அவர்தான் நுழைந்தார், என் முழங்கால் மடங்காது. நான் வெளியில் வாளியோடு நின்றேன். ஒன்றைக் கொண்டுவந்து போட்டார், பிறகு இன்னொன்று. போதும் வாங்கோ என்றேன். பொண் தேரை பெரிசா இரிக்கும் எண்டு புள்ள சொன்ன, அது உள்ளுக்குத்தான் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் போனார். முந்திய வெடியில் ஆட்டங்கண்டிருந்த கல் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. தள்ளிப் பார்த்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். கல் உடைக்கும் பெடியள்தான் மெஷினோடு ஓடிவந்து வெளியே எடுத்தார்கள், அவர்களும் அழுதார்கள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் வெடியும் வைத்துவிட்டார்கள். இப்போது அங்கே பாறை இல்லை.

தேரை இரண்டும் பின்வளவுச் சீமெந்துத் தொட்டியில் இருக்கின்றன. கறையான் போடுகிறேன், தின்கின்றன. ஜெமீலின் மனைவி சுபைதா கணவனுக்காக இத்தா இருக்கிறா, நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் வர ஏலாது. அம்மா சாப்பாடு கொண்டுபோனபோது, அவர் எடுத்ததுகள் உசிரோட இரிக்கா, குஞ்சு பெருகுமா என்று கேட்டிருக்கிறா. அம்மா வந்து என்னிடம் கேட்க, ஓம், பெருகும் என்று சொல்லிவிட்டேன். அம்மா அதைக் கொண்டுபோய்ச் சொன்ன பிறகுதான் அவ ஒரு வாய் சோறு சாப்பிட்டாவாம். ஆண் தேரைதான் கத்தும் என்று நீதானே எனக்குச் சொல்லித்தந்தாய். நேற்று மழை விட்டதும் இரண்டும் கத்தின.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உன்னால்தான் என்று ஒருநாளும் நினைக்காதே, அவர் விரும்பித்தான் வந்தவர். இத்தா முடிய சுபைதா உனக்குப் போன் எடுப்பா, குஞ்சு பெருகுமா என்றுதான் கேட்பா. பொய் சொல் என்று உன்னிடம் கேட்கமாட்டேன், உண்மையைச் சொல் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
ம. கிறிஸ்தோபர்