காளி கேட்காத புருவம்

சிறுவாச்சூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி புவனேஸ்வரி எழுதுவது. குவைத்தில் நீங்கள் சுகம் என்று அத்தை சொன்னார்கள். என் சுகத்தை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதனால்தான் நாளை குவைத்துக்குக் கிளம்பும் லப்பைக்குடிக்காடு நிஜாமுதீன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று. மார்பில் இருக்கும் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். வேகமாக வளர்வதையெல்லாம் இந்த மருந்து அடிக்குமாம். அதில்தான் தலைமுடியும் கொட்டிப்போகிறதாம். மருந்து முடிந்தால் சில மாதத்தில் திரும்ப முளைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அதுவரை வெயிலில் தலையை மூடிக்கொள், மெல்லிய பருத்தித் துணி கட்டு, கண்ட எண்ணெயும் தேய்க்காதே என்றார். இதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்லை.

கஷ்டம் உங்கள் அம்மாதான். கொத்துக்கொத்தாக உதிர ஆரம்பித்ததும் காளி கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டார்கள். நீங்கள் நல்லபடியாக ஊர் திரும்ப நான் நேர்ந்துகொண்டதாகத் தெருவெல்லாம் சொன்னார்கள். கேன்சர் என்று தெரிந்தால் அபிநயாவுக்குப் பார்த்திருக்கும் அரியலூர் சம்பந்தம் கலைந்துவிடுமாம். நாத்தனார் வாழ்க்கையாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். புருஷனுக்காக முடி கொடுத்த மகராசி என்று பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், மாமா.

போன வாரம் புருவமும் உதிர்ந்துவிட்டது. எதிர்வீட்டு சம்பூர்ணம் உற்றுப் பார்த்துவிட்டு, "காளி தலைமுடியத்தானே கேட்டா, புருவத்தயுமா கேட்டா?" என்றாள். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே, நான் அபிநயா கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க வேண்டிய அண்ணிக்காரி வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டுமாம். "அறிவழகனும் சரின்னுட்டான்" என்று உங்கள் பெயரையும் சொன்னார்கள்.

நிஜமாகவே சொன்னீர்களா? மொட்டை போட்டதிலிருந்து நீங்கள் என்னோடு வீடியோவில் பேசவேயில்லை. நெட் சரியில்லை என்கிறீர்கள். உங்கள் அம்மா கூப்பிட்டால் மட்டும் அது எப்படி சரியாகிவிடுகிறது? முடி போனதற்கு நான் அழவில்லை. இதற்குத்தான் அழுதேன்.

அபிநயா நன்றாக வாழட்டும், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அடுத்த ஞாயிறு சாயங்காலம் அத்தை ஜவுளி எடுக்கப் பெரம்பலூர் போகிறார்கள். அப்போது வீடியோவில் கூப்பிடுங்கள். தலையில் துணி கட்டாமல், மையால் புருவம் எழுதாமல் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்து, "நீ வர வேணாம்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நான் வரவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் திரும்பி வர மொட்டை போட்டவள் என்று ஊர் நம்பும்
புவனேஸ்வரி